நுனி பிடிக்கிறவன்

பல்வலி இல்ல தம்பி. நீங்க மூக்கைத் தேச்சுக்கிட்டே என் பையைப் பாக்குறீங்களேன்னு சொல்றேன். கிராம்புத் தைலம்தான், மூடியைச் சரியாத் திருகல போல. ஆனா பல்லுக்கு இல்ல. எனக்கு மிச்சம் இருக்குற பல்லுக்கு இம்புட்டுத் தைலம் எதுக்கு? வாளுக்கு. ஆமா, வெட்டுற வாளுக்குத்தான். இருங்க, சன்னலைத் தொறந்து விடுறேன்.

பயந்துராதீங்க, வாளு கையில இல்ல. எங்க ஊரு எல்லைக்கருப்பு கோயில்ல இருக்கு. ஊரு சாத்தனேந்தல், சிங்கம்புணரிக்கு முன்னாடி எறங்கணும். நீங்க கடைசி வரைக்குமா? அப்பச் சரி, பேசிக்கிட்டே போகலாம். என் பேரு சேவுகன். மதுரைக்கு வந்ததே இந்தத் தைலத்துக்குத்தான். நாட்டுமருந்துக் கடைக்காரன் கேக்குறான், "வாயெல்லாம் வலியா அண்ணாச்சி?"ன்னு. ஜப்பான் வாளுக்குடான்னேன். ஒரு மாதிரியாப் பார்த்துட்டுத்தான் குடுத்தான்.

ஜப்பான் வாளு தம்பி, நெசமாத்தான். எங்க தாத்தா சோலையனும், எங்க மச்சான் வீரணனோட தாத்தா பெரியவீரணனும் சோடியா மலேயாவுக்குப் போனவுக. ஒரே தோட்டத்துல ரப்பர் பால் எடுத்தாக. ஜப்பான்காரன் சண்டையெல்லாம் முடிஞ்சு ஒரே கப்பல்ல திரும்பி வந்தாக. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள்ள மூலைக்கு மூலை சாச்சு வச்சு வந்துச்சு இந்த வாளு. கரை எறங்குனதும் கருப்புக்கு நேந்துக்கிட்டபடி கொண்டாந்து சாத்திட்டாக. ஆனா எப்பிடிக் கெடச்சுச்சுன்னு ரெண்டு பேரும் சாகுற வரைக்கும் வாயைத் தொறக்கல. கேட்டா ஒருத்தர ஒருத்தர் பாத்துக்குவாகளாம், பொத்துக்கிட்டுச் சிரிப்பாகளாம். அம்புட்டுத்தான். அந்தக் காலத்து வீரன்லாம் அப்பிடித்தான் தம்பி, தன் பெருமையத் தானே பேச மாட்டாக.

எப்பிடி வந்திருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்க தாத்தா சிலம்பம் ஆடுறவரு. ஜப்பான் தளபதி ஒருத்தன் தோட்டத்துக்குள்ள வாளை உருவிக்கிட்டு வந்திருக்கான். இவரு கம்பை எடுத்து ஒரே சுத்து, வாளு பறந்துருச்சு. பிடுங்கிட்டு வந்துட்டாரு. இதை எனக்கு யாரும் சொல்லல. ஆனா வேற எப்பிடி வந்திருக்க முடியும், நீங்களே சொல்லுங்க?

மச்சான் கட்சி வேற. அவுக தாத்தா ஒரு ஜப்பான் பெரிய ஆபீசரைப் பாம்பு கடிக்காமக் காப்பாத்துனாராம். அதுக்கு அவன் புதுசா ஒரு வாள் அடிக்கச் சொல்லி, அதுல தாத்தா பேரையும் ஜப்பான் எழுத்துல கொத்திக் குடுத்தானாம். பிடிக்குப் பக்கத்துல பொட்டுப் பொட்டா ஏதோ முத்திரை இருக்குல்ல, அதுதான் பெரியவீரணன்னு எழுதியிருக்குன்னு மச்சான் சாதிப்பாரு. கேட்டீங்களா கூத்தை? ரப்பர் பால் எடுக்குறவன் பேருக்கு எவனாச்சும் வாள் அடிப்பானா?

எதுக்கு இம்புட்டுச் சண்டைங்கிறீங்களா? சொல்றேன். மாசிப் படையல் அன்னைக்கு எங்க சாமியாடி வாள் மேல ஏறி நிப்பாரு. வெறுங்கால். கூர் மேல. ஆளுக்கொரு பக்கமா ரெண்டு பேரு வாளைத் தூக்கிப் பிடிச்சுக்கிறணும். ஒருத்தன் பிடியைப் பிடிப்பான், ஒருத்தன் நுனியைப் பிடிப்பான். வாளைக் கொண்டாந்து குடுத்த குடும்பத்துக்குத்தான் பிடி. பிடி பிடிக்கிறவருக்குத் தலையில பரிவட்டம், மொத விபூதி, கெடாத் தலை. நுனி பிடிக்கிறவனுக்கு? கை அறுக்காம இருக்க ஒரு துண்டு. அந்தத் துண்டும் கோயில் துண்டு, அவுத்துத் திருப்பிக் குடுத்துறணும்.

பெட்டியை எறக்குன அன்னைக்குப் பெரியவீரணன் முன்னால நின்னாராம், எங்க தாத்தா வெத்தலை வாங்கப் போயிட்டாராம். அதுல ஊரு முடிவு பண்ணிருச்சு. அவுக வீட்டுக்குப் பிடி, எங்க வீட்டுக்கு நுனி. வெத்தலைக்குப் போன நேரம் தம்பி! மூணு தலைமுறையாத் துண்டு சுத்திக்கிட்டு நிக்கிறோம்.

நானும் பொறுத்துப் பொறுத்துத்தான் பாத்தேன். ஒரு வருசம் பொறுக்கல. சாமியாடி வாள் மேல ஏறி நின்னு குறி சொல்லிக்கிட்டிருக்காரு. "இப்பவாச்சும் மாத்திப் பிடிப்போம் மச்சான்"னு மெதுவாத்தான் சொன்னேன். "போடா, நுனி பிடிக்கிற பயலே"ன்னாரு. எனக்குச் சுர்ருன்னு ஏறிருச்சு. நுனியை விட்டுட்டுப் பிடிக்குப் பாஞ்சேன். அப்பறம் என்ன? சாமியாடி கொட்டுக்காரங்க மேல போய் விழுந்தாரு. தவிலு கிழிஞ்சது. சாமி மலையேறிருச்சு. சாமியாடி மட்டும் ஒரு மாசம் நொண்டிக்கிட்டுத் திரிஞ்சாரு.

அதோட பேச்சு வார்த்தை அத்துப் போச்சு. அது போனாப் போகுது, மச்சான்கூடப் பேசாட்டி எனக்குச் சோறு எறங்காதா? ஆனா அவரு என் கூடப் பொறந்த தங்கச்சி பஞ்சவர்ணத்தைக் கட்டுனவரு தம்பி. அங்கதான் எனக்கு அடி. அவ ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. என் வீட்டு வாசலைத் தாண்டுறப்ப மொகத்தைத் திருப்பிக்கிட்டுப் போவா. எனக்கு ஒருதரம் மஞ்சக்காமாலை வந்து படுத்துக் கெடந்தேன். எதுத்தாப்புல வேப்பமரத்தடியில வந்து நின்னா. உள்ள வரல. நான் கட்டில்ல இருந்து பாக்குறேன், அவ அங்கருந்து பாக்குறா. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா. தானாடாட்டியும் தன் தசை ஆடும்பாங்கள்ல, அன்னைக்கு நான் ஆம்பளைன்னும் பாக்காம அழுதேன்.

இப்பிடி இருக்கையில அவுக மக அகிலாவுக்குக் கல்யாணம் கூடிருச்சு. நான் தாய்மாமன். காதுகுத்துக்கு என் மடியில உக்காந்த பிள்ளை அது. நான் மாலை எடுத்துக் குடுக்காம அது மணையில உக்காரலாமா? மச்சான் ஆள்விட்டுச் சொல்லி அனுப்புனாரு, "பிடி மச்சான் வீட்டுதுதான்னு கோயில் முன்னால நின்னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. வந்து மாலை எடுக்கட்டும். இல்லாட்டி பஞ்சவர்ணத்தோட பெரியம்மா மகனை மாமனா நிறுத்திக்கிறோம்." எப்பிடி இருக்கு? சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்கிறாரு.

என் வீட்டுக்காரி, "சொல்லித் தொலைங்களேன், வாய் முத்தா உதுந்துரும்"னா. நான் சொன்னேன், செத்தாலும் பொய் சொல்ல மாட்டேன்னு. எங்க தாத்தா ரத்தம் சிந்திப் பிடுங்குன வாளு. அதை இன்னொருத்தன் வாங்குன பரிசுன்னு எப்பிடிச் சொல்ல?

இந்தப் பிள்ளை அகிலா இருக்கே, அது மெட்ராஸ்ல ஒரு ஜப்பான் கம்பெனியில வேலை பாக்குது. ஜப்பான் பாஷை தண்ணி பட்ட பாடு. அது எனக்குப் போன் பண்ணுச்சு, "மாமா, எங்க ஆபீஸ்ல நிஷிமுரான்னு ஒரு சார் இருக்காரு. அவுக அப்பா பழைய வாளுக்கெல்லாம் சாணை பிடிக்கிறவரு. சார் வாளைப் பாத்தாலே எந்தக் காலம், எந்த ஊருன்னு சொல்லிருவாரு. கூட்டிட்டு வரேன். அவரு சொல்றதை நீங்களும் ஒத்துக்கணும், அப்பாவும் ஒத்துக்கணும்"னுச்சு. நான் உடனே சரின்னேன். பழைய வாளுன்னா அது தளபதி வாளு, எங்க தாத்தா பிடுங்குனது. புது வாளுன்னா பரிசு வாளு, அவுக தாத்தாவுது. இதுல ரெண்டு பேச்சு இல்லியே.

சாரு வந்தாரு. வேட்டி கட்டி, அது மேல பெல்ட்டுப் போட்டு. நல்ல மனுசன். ஊரே கோயில்ல கூடிருச்சு. நான் ஒரு ஓரம், மச்சான் ஒரு ஓரம், தங்கச்சி தூணுக்கு அங்கிட்டு. மொதல்ல கருப்பைக் கும்புட்டாரு. அப்பறம் கீழ ஒரு வெள்ளைத் துணியை விரிச்சு, வாயில ஒரு கைக்குட்டையைக் கவ்விக்கிட்டாரு. வாள்ல மூச்சுக்காத்துப் படக்கூடாதாம். எங்க பூசாரிக்கு அதுலயே ரொம்பத் திருப்தி.

உருவுனாரு. வருசா வருசம் புளியும் செங்கப்பொடியும் போட்டு நாங்க தேச்ச தேய்ப்புல பளபளன்னு கண்ணைப் பறிக்கும். சாரு அந்தப் பளபளப்பைப் பாத்துட்டு ஒரு நிமிசம் கண்ணை மூடிக்கிட்டாரு. அசந்து போயிட்டாரு தம்பி. "இது மேலயா ஏறி நிப்பாங்க?"ன்னு கேட்டாராம். ஆமான்னு சொன்னதும் சாமியாடி காலைப் பாத்தாரு, வாளைப் பாத்தாரு, திரும்பக் கண்ணை மூடிக்கிட்டாரு.

பிடிக்குப் பக்கத்துல அப்பியிருந்த சந்தனத்தைப் பஞ்சால தொடச்சாரு. அடியில நம்பரு! நம்ம பஸ்ஸு நம்பர் மாதிரி வரிசையா அடிச்சிருக்கு. உறையைப் பாத்தாரு, அதுலயும் அதே நம்பரு. எனக்கு அப்பவே நெஞ்சு நெறைஞ்சு போச்சு. சாதாரண ஆளு வாளுக்கு நம்பர் போடுவானா? ஏகப்பட்டது வச்சிருக்கிற பெரிய இடத்துச் சாமான்னாத்தானே நம்பர் போட்டு வப்பான்!

அப்பறம் பிடி. கயிறு சுத்துன பிடின்னுதான் இம்புட்டு நாளும் நெனச்சுக்கிட்டிருந்தோம். அவரு விரலால தட்டுறாரு, டங்கு டங்குன்னு சத்தம் கேக்குது. கயிறே இல்ல. கயிறு மாதிரி அச்சுல வாத்து, மேல பெயிண்டு அடிச்சிருக்கான். என்னா வேலைப்பாடுங்கிறீங்க! ஸ்க்ரூ டிரைவர் வேணும்னாரு. ஓடிப்போய் என் டிராக்டர்ல இருந்து எடுத்தாந்தேன். பிடியில இருந்த திருகாணியைக் கழட்டிப் பிடியை உருவுனாரு. மச்சானுக்கு மொகம் செத்துப் போச்சு. மூணு தலைமுறை கட்டிக் காத்த பிடி, பல்லுசெட்டு மாதிரி தனியா வந்துருச்சு. உள்ள இருக்குற இரும்பைத்தான் தம்பி பாக்கணுமாம். பழைய வாளு, நல்ல கொல்லன் அடிச்சதுன்னா அவன் பேரு அங்கதான் இருக்குமாம். துரு எப்பிடிக் கறுத்திருக்குன்னு பாத்தே வயசைச் சொல்லுவாகளாம். அந்தத் துருவைத் தொடைக்கவே கூடாதாம். நம்மளுதுல பேரு இல்ல. பெரிய கொல்லன், தன்னடக்கமா விட்டுட்டான்னு நெனச்சுக்கிட்டேன்.

சாரு போனை எடுத்து அகிலாகிட்டப் படம் காட்டுனாரு. நானும் எட்டிப் பாத்தேன். அட, நம்ம வாளு! அதே பிடி, அதே உறை. ஒண்ணு இல்ல தம்பி, குமிச்சு வச்ச வெறகு மாதிரி ஒரு குவியலே கெடக்கு, பக்கத்துல வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருத்தன் காவலுக்கு நிக்கிறான். நம்ம கருப்பு வாளை மாதிரியே செஞ்சு வச்சிருக்கான்னா, இது எம்புட்டுப் பேரு போன வாளா இருக்கணும்!

கடைசியாச் சாரு ரெண்டே ரெண்டு வார்த்தை சொன்னாரு. அந்தப் பிள்ளை தூணுக்கு அங்கிட்டு நின்ன அவ அம்மாவை ஒருதரம் பாத்துச்சு. என்னை ஒருதரம் பாத்துச்சு. அப்பறம் ஆரம்பிச்சுச்சு பாருங்க, நிறுத்தாமப் பேசுச்சு! அவரு சொன்னது ரெண்டு வார்த்தை, பிள்ளை சொன்னது ஒரு உபன்யாசம். ஜப்பான் பாஷை அப்பிடியாம் தம்பி, சுருக்கமான பாஷை.

என்ன சொல்லுச்சுன்னா, வாளு ரொம்பப் பழசு. நானூறு வருசம். மலையடிவாரத்துல ஏதோ ஒரு ஊரு பேரு சொல்லுச்சு, வாயில நுழையல, அங்க அடிச்சது. ஒரு பெரிய தளபதி கையில இருந்தது. சண்டையில பறிபோனது. நான் துண்டை எடுத்துத் தோள்ல போட்டேன். மச்சான் வாயைத் தொறந்தாரு. பிள்ளை கையைக் காட்டி, "இருங்கப்பா, இன்னும் முடியல"ன்னுச்சு. வாளுதான் பழசாம். பிடி புதுசாம். சண்டைக் காலத்துல, ஒரு உயிரைக் காப்பாத்துன நன்றிக்குன்னு தனியாச் செஞ்சு மாட்டுனதாம். அந்த முத்திரை அதுக்கு அடையாளமாம். "அதனால மாமா வீட்டுத் தாத்தா கொண்டாந்தது வாளு. அப்பா வீட்டுத் தாத்தா கொண்டாந்தது பிடி. ரெண்டு பேரும் சேந்து கொண்டாந்ததாலதான் இது முழு வாளு. ஒரே பெட்டியில எதுக்கு வந்துச்சுன்னு இப்பப் புரியுதா?"ன்னுச்சு.

சாரு தலையைத் தலையை ஆட்டுனாரு. அவருக்குத் தமிழ் தெரியாதுதான், ஆனா உண்மைன்னா மனுசனுக்குத் தெரியும்ல.

அப்பறம் என்னைக் கோயில் பின்னால கூட்டிட்டுப் போய்க் காதுல சொல்லுச்சு. "மாமா, ஒரு ரகசியம். அப்பாகிட்டச் சொல்லிராதீங்க. அவுக ஊருல பிடியை எப்ப வேணாலும் கழட்டி மாத்திக்குவாங்க. ஆனா நுனி உடைஞ்சா வாளே செத்துப் போச்சும்பாங்க. வாளோட உயிரு நுனியிலதான் இருக்கு."

அடேங்கப்பா! எனக்கு அப்பிடியே புல்லரிச்சுப் போச்சு. மூணு தலைமுறையா உயிரைக் கையில வச்சுக்கிட்டு, ஒரு கழட்டி மாட்டுற தகரத்துக்குச் சண்டை போட்டிருக்கேன். நேரா முன்னால வந்தேன். கருப்பு சாட்சியா, ஊரு சாட்சியாச் சொன்னேன், "மச்சான், பிடி ஒங்க வீட்டுதுதான். என்னைக்கும் நீங்களே பிடிங்க." மனுசன் எதிர்பாக்கல. கண்ணு கலங்கிருச்சு. "மாப்ள"ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு. ஏமாந்துட்டாரு பாவம்! ஆனா ஒண்ணு, அவரும் ஒரு மாதிரி கள்ளச் சிரிப்புத்தான் சிரிச்சாரு. அவரையும் அந்தப் பிள்ளை கொஞ்ச நேரம் முந்தி தனியாக் கூட்டிட்டுப் போயிருந்துச்சு. என்ன பேசுனாகளோ, அப்பன் மக விசயம், நமக்கெதுக்கு?

பஞ்சவர்ணம் தூணை விட்டு வெளிய வந்தா. கிட்ட வந்தா. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன் தம்பி, நிமிந்து பாக்கத் தைரியம் வரல. "வெயில்ல நின்னு கறுத்துப் போயிட்டியேண்ணே. வா, வந்து ஒரு வாய் சாப்புடு"ன்னா. அம்புட்டு வருசத்துக்கு அப்பறம் அவ சொன்ன மொத வார்த்தை. நெத்திலிக் கருவாட்டுக் கொழம்பு. எனக்குப் பிடிக்கும்னு காலையிலயே வச்சிருக்கா பாருங்க. தீர்ப்பு எப்பிடி வரும்னு தெரியாமயே வச்சிருக்கா. அவளும் என் பக்கத்துலயே உக்காந்து தின்னா. நான் மூணு தடவை வாங்கித் தின்னேன்.

கல்யாணம் போன மாசம் முடிஞ்சுச்சு. நான்தான் மாலை எடுத்துக் குடுத்தேன். அகிலா கால்ல விழுந்து எந்திரிக்கிறப்ப, "நுனி பத்திரம் மாமா"ன்னு கண்ணடிச்சுச்சு. சேட்டையப் பாருங்க. சாரும் வந்திருந்தாரு. என்னைத் தனியாக் கூப்புட்டு, அதே கம்பெனியில வேலை பாக்குற மாப்பிள்ளைய வச்சு ரொம்ப நேரம் சொன்னாரு, இனிமே புளி போட்டுத் தேய்க்காதீங்க, செங்கப்பொடி வேணாம், கிராம்புத் தைலம் லேசாப் பூசுங்க, அவுக ஊருல அப்பிடித்தான் பூசுவாகன்னு. வாளு யாருதுன்னு கேட்டப்ப ரெண்டு வார்த்தை, தைலத்துக்கு அம்புட்டு நேரம்! அடுத்த வாரம் படையல். அதான் இன்னைக்கே வாங்கிட்டேன். நுனிக்கு மட்டும் பூசுவேன். பிடிக்கு வேணும்னா மச்சான் பாத்துக்கட்டும், அது பெயிண்டு அடிச்ச சாமான்தானே.

என் வீட்டுக்காரிக்கு மட்டும் நம்பிக்கை இல்ல. "ரெண்டு கெழட்டு ஆம்பளைக்கும் அந்தப் பிள்ளை நல்லாக் காது குத்தி விட்டிருக்கு. ஒங்க மடியில உக்காந்து காது குத்துனதுக்குப் பதிலுக்குப் பதில்"ங்கிறா. பொம்பளைக்கு வாளைப் பத்தி என்ன தெரியும்?

அந்தா தெரியுது பாருங்க தண்ணி டேங்கு, அடுத்தது எங்க ஊருதான். தம்பி, ஒண்ணு கேக்கட்டா? ஒங்க போன்ல எந்தப் பாஷையில சொன்னாலும் தமிழ்ல காட்டுமாமே? சாரு அன்னைக்குச் சொன்ன ரெண்டு வார்த்தை என் காதுலயே நிக்குது. சாமி மந்திரம் மாதிரி மனப்பாடம் ஆயிருச்சு. "ரியோசான்ஹின் தெஸ்." ஆமா, அப்பிடித்தான். ரியோ, சான், ஹின். தெஸ். அடிச்சுப் பாருங்க.

வந்துருச்சா?

என்ன, சிரிப்பை அடக்குறீங்க? இல்ல, இருங்க. வாசிக்காதீங்க. வாசிக்காதீங்கன்னேன்ல. போனை உள்ள வைங்க தம்பி. ரெண்டு வார்த்தைக்குள்ள நானூறு வருசம் அடங்குமா அடங்காதான்னு எனக்கும் ஒரு கணக்குத் தெரியும். நம்பர் போட்டு, திருகாணி மாட்டி, ஆயிரக்கணக்குல வாத்துத் தள்ளுற பேக்டரிச் சாமானை டிராக்டர் வச்சிருக்கிற நான் பாக்காதவனா? பஞ்சவர்ணம் இன்னைக்குப் பணியாரம் சுட்டு வைக்கிறேன்னு சொல்லியிருக்கா. சூடு ஆறுறதுக்குள்ள போகணும். பிள்ளை என்ன சொல்லுச்சோ அதுதான் அர்த்தம்.

யோவ் கண்டக்டரு, விசிலைக் குடுங்கய்யா! நுனி பிடிக்கிறவன் எறங்கணும்.